அந்தத் தூண் யாருடையது?

கேள்வியைச் சுருக்கி மறுபடி சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு பழைய சாமான் சந்தையில் இரண்டு பவுண்டுக்கு ஒரு சின்ன அட்டைப் படம் வாங்கியிருக்கிறீர்கள். கோட்டுப் போட்ட ஒருவர் தூண் ஒன்றில் கையை ஊன்றி நிற்கிறார். பக்கத்தில் பட்டு கவுன் அணிந்த பெண் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கனத்த திரைச்சீலை தொங்குகிறது. 1860-களில் எடுத்ததாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். "இவர்கள் பெரிய பணக்காரர்களா? அந்தக் காலத்தில் வசதி உள்ளவர்கள்தானே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படம் எடுத்துக்கொள்ள அன்று எவ்வளவு செலவானது என்பது ஒன்று. அதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். படத்தைப் பார்த்தே ஒருவருடைய அந்தஸ்தைச் சொல்லிவிட முடியுமா என்பது இரண்டாவது. பழைய படங்களைத் துடைத்து, பழுதுபார்த்து, பட்டியலிடும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். இந்த இரண்டாவது கேள்வியில் இன்னமும் சறுக்கத்தான் செய்கிறேன்.

முதலில் காசு. லூயி டாகர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. செப்புத் தகட்டின் மேல் வெள்ளி பூசி, கண்ணாடி போலத் தேய்த்து, அயோடின் ஆவி காட்டி, அதன்மேல் நேரடியாக உருவத்தைப் பிடிக்கும் அந்த முறைக்கு டாகரோடைப் என்று பெயர். நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவுதான். பிரெஞ்சு அரசு டாகருக்கு ஓய்வூதியம் கொடுத்து அந்த முறையை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனால் அதற்குச் சில நாள் முன்பே இங்கிலாந்தில் மட்டும் அதற்குக் காப்புரிமை பதிவாகிவிட்டது. எனவே பாரிஸ்காரர் இலவசமாகச் செய்ததை லண்டன்காரர் உரிமம் வாங்கித்தான் செய்ய முடிந்தது. ரிச்சர்ட் பியர்ட் என்ற வியாபாரி 1841 மார்ச்சில் ரீஜென்ட் தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில் கண்ணாடிக் கூரை போட்டு ஸ்டூடியோ திறந்தார். ஒரு படத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அன்று இங்கிலாந்தில் வயலில் வேலை செய்த கூலி ஆளுக்கு வாரத்துக்கு 8 முதல் 10 ஷில்லிங் கிடைத்தால் அதிகம். இரண்டு வாரக் கூலியை முழுதாகக் கொடுத்து யார் படம் எடுப்பார்கள்? ஆகவே 1840-களைப் பற்றி மட்டும் பேசினால் உங்கள் ஊகம் சரி. அப்போதும்கூட இது பிரபுக்களின் சொத்தாக இருக்கவில்லை. அவர்களுக்கு எண்ணெய் ஓவியர்கள் இருந்தார்கள். கினி கொடுத்து மாடியேறியவர்கள் பெரும்பாலும் வக்கீல், வியாபாரி, மருத்துவர் மாதிரி நடுத்தட்டு ஆட்கள். ஓவியரிடம் போக அளவில்லாமல் செலவாகும், ஆனால் முகத்தைப் பதிந்து வைக்க ஆசை இருக்கும். அந்த ஆசை உள்ள ஆட்கள் எவ்வளவு பேர் என்று தெரிந்ததும் சின்ன உருவ ஓவியம் தீட்டிப் பிழைத்தவர்களில் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, புகைப்படக்காரர்களாகவோ படத்துக்கு வண்ணம் தீட்டுபவர்களாகவோ மாறினார்கள்.

இந்த நிலைமையை உடைத்தது 1851. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறே வருடத்தில் ஏழையாகச் செத்தும் போனார். அவருடைய முறையை வைத்துச் சம்பாதித்தவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடி நெகட்டிவுக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்தால் அதுவே நேர்ப்படமாகத் தெரியும். அதுதான் ஆம்ப்ரோடைப். கண்ணாடிக்குப் பதில் கறுப்பு வார்னிஷ் பூசிய இரும்புத் தகடு வைத்தால் டின்டைப். 1856-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பெயர்தான் அப்படி. 1850-களின் கடைசியில் லண்டன் தெருக்களில் ஆறு பென்ஸுக்கும் (அரை ஷில்லிங்) ஒரு ஷில்லிங்குக்கும் படம் எடுத்துத் தந்தார்கள். கடைவாசலில் ஆள் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நம் ஊர் ஜவுளிக்கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலிவுக் கடைகளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் தெருத் தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி எழுதியவர். அவரிடம் ஒரு தெருப் புகைப்படக்காரர் கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறார்: படம் சரியாக விழாவிட்டால் வேறு யாருடைய படத்தையாவது எடுத்துக் கொடுத்துவிடுவோம், அவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள், சனங்களுக்குத் தங்கள் முகமே தெரியாது, பாதிப் பேர் கண்ணாடி பார்த்ததே அபூர்வம் என்கிறார். அவர் கொஞ்சம் அளந்திருக்கலாம். தொழில்காரர் தன் சாமர்த்தியத்தைச் சொல்லும்போது மிகை கலக்காமல் இருக்காது. ஆனால் கண்ணாடிகூடச் சரியாகப் பார்க்காதவர்கள் படம் எடுக்க வந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. ஆக, 1860-களில் எடுத்த படம் என்பது மட்டுமே பணத்துக்குச் சாட்சி ஆகாது. இது உறுதி.

உங்கள் கையில் இருப்பது கிட்டத்தட்ட 6 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் இருந்தால் அது கார்ட் டி விசிட், அதாவது விசிட்டிங் கார்டு அளவுப் படம். பாரிஸில் டிஸ்டெரி என்பவர் 1854-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பல லென்ஸ் வைத்த கேமராவில் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு படம் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். விலை சரிந்தது. மூன்றாம் நெப்போலியன் போருக்குப் போகும் வழியில் படையை நிறுத்திவிட்டு டிஸ்டெரியின் கடைக்குள் நுழைந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நம்ப வேண்டாம். உண்மையில் இந்த அட்டைக்கு மவுசு கூட்டியது விக்டோரியா மகாராணி. 1860-ல் மேயால் என்ற புகைப்படக்காரரை ராணி குடும்பத்துப் படங்களை இந்த அளவில் வெளியிட விட்டார்கள். ராணியின் படம் கடையில் விற்பனைக்கு வந்தது. அதோடு அட்டைகளைச் செருகி வைக்கும் ஆல்பமும் வந்தது.

அந்த ஆல்பத்தை நான் முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்குப் பட்டது இதுதான்: எல்லாத் துளையும் ஒரே அளவு. அதற்கு முன்பு டாகரோடைப் காலத்தில் அளவுதான் அந்தஸ்து. முழுத்தகடு 16-க்கு 21 செ.மீ., ஆறில் ஒரு பங்குத் தகடு சுமார் 7-க்கு 8 செ.மீ. பணத்துக்கு ஏற்ற அளவு. விசிட்டிங் கார்டு அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டது. ராணிக்கும் அதே அட்டை, மளிகைக் கடைச் சித்தப்பாவுக்கும் அதே அட்டை. முதல் பக்கத்தில் ராணி, இரண்டாம் பக்கத்தில் ஒரு பிரதம மந்திரி, மூன்றாம் பக்கத்தில் சித்தப்பா. வரவேற்பறை மேஜையில் அந்த ஆல்பத்தை வைத்துவிட்டால், வந்தவர் புரட்டும்போது சித்தப்பாவுக்கும் கொஞ்சம் ராஜகளை ஒட்டிக்கொள்ளும். கேமில் சில்வி என்ற பிரெஞ்சுக்காரர் 1859-லிருந்து லண்டன் போர்ச்செஸ்டர் டெரஸில் பிரபுக் குடும்பங்களை எடுத்தார். அவர் கடைப் பதிவேடுகள் இன்றும் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஏறத்தாழ 17,000 பேர் அதில் இருக்கிறார்கள். ஒயிட்சாப்பலில் ஒரு சாதாரணக் கடைக்காரர் தந்த அட்டையும் சில்வி தந்த அட்டையும் ஒரே அளவுதான். வெளிச்சத்தின் தரத்திலும் அச்சின் நேர்த்தியிலும் பின்பக்க முகவரியிலும்தான் வித்தியாசம். ஆகவே படத்துக்குள் தேடுவதற்கு முன் முகவரியைப் பாருங்கள்.

இனி அந்தத் தூண். பெரும்பாலும் மரம், அல்லது காகிதக்கூழில் செய்து பளிங்கு மாதிரி வண்ணம் அடித்தது. ஒரே தூணில் அன்று காலை ஒரு கசாப்புக் கடைக்காரர் சாய்ந்திருப்பார், மத்தியானம் பாதிரியார் சாய்ந்திருப்பார். தூணும் திரைச்சீலையும் எங்கிருந்து வந்தன என்றால், பிரபுக்களை வரைந்த எண்ணெய் ஓவியங்களிலிருந்து வந்தன. ஓவியத்தில் அவை மாளிகையின் அடையாளம். ஸ்டூடியோவில் தூணைக் கம்பளத்தின் மேல் நிறுத்தினார்கள். எந்த மாளிகையில் பளிங்குத் தூண் கம்பளத்திலிருந்து முளைக்கிறது என்று அந்தக் காலத்துப் புகைப்பட இதழ்களிலேயே கேலி செய்திருக்கிறார்கள். அதில் ஒரு நடைமுறை வசதியும் இருந்தது. சில விநாடிகள் ஆடாமல் நிற்க வேண்டுமே, சாய ஏதாவது வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியும் வைப்பார்கள். ஷூவுக்குப் பின்னால் அதன் பாதம் எட்டிப் பார்க்கும், உங்கள் படத்திலும் தேடிப் பாருங்கள். அந்தத் தாங்கியைக் காட்டி "இது பிணத்தை நிற்கவைத்து எடுத்த படம்" என்று இணையத்தில் சுற்றுகிறது. அது பொய். அந்தத் தாங்கியால் ஒரு பிணத்தின் கனத்தைத் தாங்க முடியாது. இறந்தவர்களை எடுத்தது உண்மை, ஆனால் கட்டிலில் கிடத்தியோ மடியில் வைத்தோ எடுத்தார்கள். அப்புறம், சிரிக்காத முகத்தையும் கண்டிப்பான குணத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். பல்லைக் காட்டுவது கௌரவக் குறைவு என்பது ஓவியக் காலத்திலிருந்தே வந்த வழக்கம்.

அட்டை விமானத்தில் தலையை நீட்டிப் பொருட்காட்சியில் படம் எடுத்துக்கொண்ட நம் அப்பாக்கள் யாரும் விமானம் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும், விமானம் அன்று எதற்கு அடையாளமாக இருந்தது என்பது. தூணும் அப்படித்தான். அதிலிருந்து அவரிடம் என்ன இருந்தது என்று தெரியாது. எதை வைத்திருப்பவராகத் தெரிய விரும்பினார் என்று தெரியும்.

உடையைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஆல்பத்தில் கறுப்பு உடையில் இருந்த பெண்ணைப் பார்த்துப் பட்டியலில் "கைம்பெண், துக்க உடை" என்று எழுதிவிட்டேன். நாலைந்து பக்கம் தள்ளி அந்த உடையின் துணித் துண்டு ஒன்றை யாரோ ஞாபகமாக ஒட்டி வைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு. கொலோடியன் நீல ஒளியை மட்டும்தான் நன்றாக வாங்கும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும், வெளிர்நீலம் வெளுத்துவிடும். அன்றிலிருந்து பட்டியலில் நிறம் எழுதுவதை விட்டுவிட்டேன். இன்னொன்று, டாகரோடைப்பும் டின்டைப்பும் கண்ணாடிபோல இடவலம் மாற்றிக் காட்டும். இடது கை மோதிரம் வலது கையில் தெரியும். அதை வைத்து ஒருவரை மணமாகாதவர் என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள். நகையில் தங்க நிறம் மின்னினால் அது பெரும்பாலும் கடைக்காரர் தூரிகை நுனியில் வைத்த பொட்டு. 1860-களுக்குப் பிறகு நெகட்டிவின் மேல் பென்சிலால் சுருக்கத்தை அழிப்பதும் இடுப்பைச் சிறிதாக்குவதும் சாதாரண வேலையாகிவிட்டது.

உடையை இரவல் வாங்கினார்களா என்று கேட்டால், இங்கேதான் நிதானம் வேண்டும். சில ஸ்டூடியோக்களில் கோட்டும் டையும் வைத்திருந்தார்கள். அதை வைத்து "எல்லாமே இரவல் உடை" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் உடையில்தான் வந்தார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உடையே பழைய துணிக் கடையில் வாங்கியதாக இருக்கலாம், எஜமானி கொடுத்த கவுனாக இருக்கலாம். இங்கிலாந்தில் பழைய துணி வியாபாரம் அன்று பெரிய தொழில். பட்டு கவுன் மூன்று கை மாறும். உங்கள் படத்துப் பெண்ணின் கவுன் பட்டு என்பது நிச்சயமானாலும், அது அவருக்காகத் தைத்ததா என்பதுதான் கேள்வி. தோள் தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கைநீளம் சரியா, பழைய மடிப்புத் தையல் பிரித்த கோடு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் சில சமயம் பிடிபடும்.

ஒரே ஆள், ஒரே முகம், மூன்று அந்தஸ்து என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஹன்னா கல்விக் என்று ஒரு வேலைக்காரப் பெண், 1833-ல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். ஆர்தர் மன்பி என்ற படித்த கனவானுக்கும் அவருக்கும் 1854-ல் பழக்கமாயிற்று, 1873-ல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மன்பிக்கு உழைக்கும் பெண்களைப் படமெடுத்துச் சேர்க்கும் பித்து. விகன் நிலக்கரிச் சுரங்கத்து வாசலில் கால்சட்டை போட்டு வேலை செய்த பெண்களைக்கூட ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படமெடுக்க வைத்திருக்கிறார். ஹன்னா அழுக்கு ஏப்ரனும் வாளியுமாக ஒரு படத்தில் இருக்கிறார், புகைபோக்கி துடைப்பவராகக் கரி பூசிக்கொண்டு ஒரு படத்தில், நல்ல கவுனில் சீமாட்டியாக இன்னொரு படத்தில். அந்தச் சீமாட்டிப் படம் மட்டும் உங்களுக்கு இரண்டு பவுண்டுக்குக் கிடைத்திருந்தால் நானும் நீங்களும் என்ன எழுதியிருப்போம்? அவருடைய நாட்குறிப்பு இருப்பதால்தான் உண்மை தெரிகிறது. அந்தப் படங்களில் எவ்வளவு அவர் விருப்பம், எவ்வளவு மன்பியின் விருப்பம் என்பதில் படித்தவர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. தன் உடல்வலிமையையும் உழைப்பையும் அவர் பெருமையாகவே எழுதினார். அதே சமயம் இந்தப் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டவர் மன்பி. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செல்வத்தை ஜோடித்தது போல வறுமையையும் ஜோடித்தார்கள். டாக்டர் பர்னார்டோவின் அநாதைச் சிறுவர் இல்லம் 1870-களில் நன்கொடை திரட்ட "முன்பு", "பின்பு" என்று ஜோடி அட்டைகள் விற்றது. முன்பு, கந்தலில் ஒரு பையன். பின்பு, சுத்தமான உடையில் அதே பையன் உழைக்கிறான். கந்தல் போதாது என்று துணியை இன்னும் கிழித்து எடுத்தார்கள் என்று புகார் வந்தது. 1877-ல் மத்தியஸ்தர்கள் விசாரித்து, மற்ற பல குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தாலும் இப்படி ஜோடித்துப் படம் எடுத்தது சரியில்லை என்றார்கள். ஆகவே கந்தல் படத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது.

படமெடுக்க அதிகம் செலவானதால் எடுத்துக்கொண்டவர் வசதியானவர் என்ற கணக்கு முற்றிலும் தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. 1850-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா என்ற ஊரில் ஜே.டி. ஜீலி என்பவர் ஏழு அடிமைகளை டாகரோடைப்பில் எடுத்தார். 15 தகடுகள். விலை உயர்ந்த முறைதான். காசு கொடுத்தவர்கள் அவர்கள் இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்று நிரூபிக்க வேண்டும் என்பதற்காக எடுக்கவைத்தார். உடையைக் களைந்து, முன்பக்கம், பக்கவாட்டு என்று நிறுத்தினார்கள். அவர்களில் ரென்டி, அவர் மகள் டீலியா. அவர்கள் பெயராக முதல் பெயர் மட்டும்தான் எழுதி வைக்கப்பட்டது. 1976 வரை அந்தத் தகடுகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் கிடந்தன. தூண் இல்லை, திரைச்சீலை இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பிரதியும் இல்லை.

இதே நாட்டில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் அதே கருவியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1838-ல் தப்பியவர். 19-ஆம் நூற்றாண்டில் அதிகம் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், சுமார் 160 தனித்தனிப் படங்கள் கிடைத்திருக்கின்றன. கேலிச்சித்திரங்கள் கறுப்பரை இளிக்கும் முட்டாளாக வரைந்த காலத்தில் அவர் ஒரு படத்திலும் கெஞ்சுகிற முகம் காட்டவில்லை. பின்னணி அலங்காரமும் பெரும்பாலும் கிடையாது. சோஜர்னர் ட்ரூத் வேறு மாதிரி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், அடிமைத்தனத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிப் பிழைத்தவர். தன் படத்தை அட்டையாக விற்றார். 1864-ல் அதன் பதிப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். வழக்கமாக அந்த உரிமை புகைப்படக்காரருக்குத்தான் போகும். அட்டைக்கடியில் ஒரு வரி அச்சிட்டிருந்தார், "உருவத்தைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன்" என்ற பொருளில். படத்தில் வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக்கண்ணாடி, கையில் பின்னல் நூல், மேஜையில் பூவும் புத்தகமும். நடுத்தர வர்க்கத்துப் பாட்டி ஒருவரின் கோலம். அவருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது என்பதால் படம் பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கோலத்தில் தெரிவது என்று அவரே முடிவு செய்தார், விற்ற காசும் அவருக்கே வந்தது. ரென்டிக்கும் ட்ரூத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம் உடையைவிடப் பெரிய அந்தஸ்துக் குறி என்று நினைக்கிறேன். நான் பட்டியலிடும்போது "என்ன உடுத்தியிருக்கிறார்" என்ற கட்டத்துக்கு முன்பாக "யார் காசு கொடுத்தது, பிரதி யாரிடம் போனது, பெயர் இருக்கிறதா" என்ற மூன்றையும் எழுதத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

பெயர் விஷயத்தில் நமக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்தவர். வைட் தீவில் இருந்தபோது கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல், டார்வின் என்று பெரிய மனிதர்களை எடுத்தார். அவர்கள் படத்தின் கீழ் பெயர் இருக்கும். வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரை மாதா கோலத்தில் எடுத்தார். அவர் மாதாவாகத்தான் நின்றார், ஆனாலும் பெயர் தப்பித்து நமக்கு வந்துவிட்டது. 1875-ல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது, அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். 1879-ல் இறக்கும்வரை களுத்துறைப் பக்கம் தொழிலாளர்களையும் உள்ளூர் ஆட்களையும் எடுத்தார். அவர்களில் சிலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதே வெளிச்சம், அதே அக்கறையான கண். ஆனால் அந்தப் படங்களில் பலவற்றுக்கு ஆள் பெயர் கிடையாது.

சரி, உங்கள் அட்டைக்கு வருவோம். காலத்தை முதலில் உறுதி செய்யுங்கள். அட்டை மெல்லியதாக, மூலை கூர்மையாக இருந்தால் 1860-கள் என்பது நம்பத்தக்கது. மூலை வளைந்திருந்தால் பெரும்பாலும் 1870-களுக்குப் பிறகு. தூணும் திரைச்சீலையும் 60-களுக்குப் பொருந்தும். 70-களில் மரவேலி, கிராமத்துப் பாலம் என்று மாறியது, 90-களில் பனைமரமும் சைக்கிளும் வந்துவிட்டன. ஆனால் சின்ன ஊர் ஸ்டூடியோக்காரர் பழைய தூணை இருபது வருடம் வைத்திருந்து ஓட்டியிருக்கலாம், எனவே இது சுமாரான சான்றுதான். பெண்ணின் பாவாடை கூடுபோல விரிந்திருந்தால் அது இன்னும் கொஞ்சம் பலமான சான்று. அமெரிக்க அட்டையாக இருந்திருந்தால் பின்னால் வரி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அங்கே புகைப்படத்துக்கும் வரி போட்டார்கள். 25 சென்ட் வரை விலை என்றால் 2 சென்ட் முத்திரை, 50 சென்ட் வரை 3, ஒரு டாலர் வரை 5. முத்திரையைப் பார்த்தே படத்தின் விலையைச் சுமாராகச் சொல்லிவிடலாம். நான் வரி அதிகாரிகளை மனதார வாழ்த்தியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். இங்கிலாந்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே முகவரிதான் கதி. பின்பக்கத்துத் தெருப் பெயரை வைத்து அந்தக் காலத் தெருவாரி முகவரிப் புத்தகங்களில் ஸ்டூடியோ எந்தெந்த வருடங்களில் அங்கே இருந்தது என்று தேடலாம். பென்சிலில் யாராவது பெயர் எழுதியிருந்தால் 1861, 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில்வரை கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. பெயர் இல்லாவிட்டால் அவர்கள் யார் என்பது அனேகமாகத் தெரியப்போவதில்லை. கணவன் மனைவி என்றுகூட நான் எழுத மாட்டேன், அண்ணன் தங்கையாக இருக்கலாம்.

படத்துக்குள் ஒரே ஓர் இடத்தை மட்டும் நான் மற்றதைவிட நம்புவேன், கைகள். முகத்துக்குத்தான் பென்சில் வேலை செய்வார்கள், கைக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். விரல் கணுக்கள் தடித்திருக்கின்றனவா, நகம் தேய்ந்திருக்கிறதா, கையைக் கையுறையிலோ மடிப்பிலோ ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். துணி துவைத்துப் பழகிய கை பட்டின் மேல் உட்காரும் விதமே தனி. இதுவும் ஊகம்தான், ஆனால் தூணைவிட மேலான ஊகம். அப்புறம் அந்த மனிதரின் ஷூ. கோட்டு இரவல் கிடைக்கும், கால் அளவுக்கு ஷூ கிடைப்பது கஷ்டம். பழைய ஷூவாக இருந்தால் கோட்டைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ஸ்டூடியோ பெயரைப் பார்த்துச் சொல்கிறேன். முன்பக்கத்தில் கைகளும் பாதங்களும் தெளிவாக விழும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. அப்படியே தூணின் அடிப்பகுதியையும் கொஞ்சம் கிட்டத்தில் எடுங்கள். கம்பளம் தெரிகிறதா என்று பார்க்க எனக்கு ஓர் ஆசை.